நான்கு தாள மௌனம்

அத்தியாயம் 11

"பாஸ், நம்ம கேஸுக்கு மலர்வளையம் சொல்லிடலாமா? உசுரு போயிடுச்சு."

பெட்ரோல் பங்கின் பொதுத் தொலைபேசியை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு ஒடெஸா வெளியே வந்தாள். காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார் அவளுடைய முதலாளி, துப்பறிவாளர் ஹோசியா டில்லரி. காலை ஒன்பது மணிக்கே அலபாமா வெயில் தார் ரோட்டை இளக்கியிருந்தது. 1976, ஜூலை மூன்று. நாட்டுக்கு இருநூறு வயது ஆகப்போகிறது என்று ஹார்லோ ஊரின் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கொடி.

"யார் மரணச் சான்றிதழ் குடுத்தது?"

"மான்ட்கோமரி மியூசிக் புரொபசர். நாம அனுப்பின நகலைப் பார்த்துட்டாராம். நாலு வரியில மேல் வரி அப்படியே நாடே பாடுற பாட்டாம். ஒரு சுரம் பிசகலையாம். கீழ இருக்கிற மூணு வரியும் சும்மா இட்டு நிரப்பினதாம். 'திருடினவன் இப்படித்தான் செய்வான், மேல காப்பி அடிச்சுட்டு கீழ கிறுக்குவான்'னு சொல்றாரு. எதிர்த்தரப்பு கேஸை நாமளே நிரூபிச்சுக் குடுத்திருக்கோம். ஃபீஸை அவங்ககிட்டயே கேட்டுடலாம்."

ஹோசியா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால் ஒடெஸாவுக்கும் தன் ஜோக் கசந்தது. இந்தக் கேஸின் மறுமுனையில் வெஸ்டர் டோஸியர் இருக்கிறார்.

வெஸ்டருக்கு அறுபது வயது. ஹார்லோ பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைத்துப் பூட்டுகிறவர். அந்த ஊருக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான் உண்டு. 'எழுந்து நில், என் தேசமே' என்ற பாட்டு அங்கே பிறந்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் அது மனப்பாடம். எழுதியவர் லீலண்ட் கிரச்ஃபீல்ட், ராணுவ முகாமின் பேண்ட் மாஸ்டர், வெளியான வருஷம் 1918 என்று பாடப்புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்லாததை ஊர் விழா நாடகம் இன்று மாலை ஆறு மணிக்குச் சொல்லப்போகிறது. அதில் 'பாட்டுத் திருடன்' என்று ஒரு சிரிப்புக் காட்சி. வைக்கோல் தொப்பி போட்ட கறுப்பன் ஒருவன் ஜன்னல் வழியாக ஊர்ந்து வந்து, பேண்ட் மாஸ்டர் மேஜையில் இருந்து பாட்டுத் தாளைத் தூக்குவான். ஷெரீஃப் அவன் பின்புறத்தில் உதைப்பார். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். திருடனின் பெயர் ஆம்ஸி டோஸியர். வெஸ்டரின் அப்பா.

நடந்தது வேறு. 1919-ல் ஆம்ஸி நியூயார்க் பதிப்பகத்துக்கு, 'இது என் பாட்டு' என்று ஒரே ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பதிலாக ஷெரீஃப் வந்தார். பொய் உரிமை கோரிய மோசடி என்று வழக்கு. கிரச்ஃபீல்ட் பைபிள் மேல் கை வைத்து, தன் பாட்டை இவன் காப்பி அடித்தான் என்றார். ஜூரி இருபது நிமிஷம் யோசித்தது. கைதிகளை வாடகைக்கு எடுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆம்ஸியை அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் அங்கேயே செத்தார். புதைத்த இடம் தெரியாது. வெஸ்டருக்கு அப்போது ஐந்து வயது.

அந்தக் காட்சிக்கான ஜன்னலையும் வெஸ்டர்தான் ஆணி அடித்து நிறுத்த வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் அவர் ஹோசியாவின் அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார். "காசு வாங்கித் தாங்கன்னு வரலை. கல்லுல பேர் வெட்டச் சொல்லலை. அந்தச் சீனைத் தூக்கணும். எங்கப்பா திருடன் இல்லைன்னு ஆகணும். அவ்வளவுதான்."

நாடகத்தை நடத்துகிறவள் கிரச்ஃபீல்டின் மகள் மிஸஸ் கொரின் யான்ஸி. மூன்று மணிக்குள் ஆதாரம் கொண்டுவந்தால் காட்சியை எடுத்துவிடுவதாக உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் முன்னால் சொல்லியிருந்தாள். ஆதாரம் கிடைக்காது என்ற தைரியம். கிடைத்ததெல்லாம் நீதிமன்றக் கிடங்கில் ஆம்ஸியின் வழக்குக் கட்டுக்குள் இருந்த ஒரு தாள். அவர் கைப்பட எழுதிய பாட்டு. அந்தத் தாளைத்தான் புரொபசர் சற்றுமுன் கொன்றுவிட்டார்.

"அவரு என்ன வாசிக்கிறவரு?" என்றார் ஹோசியா.

"பியானோ."

"இந்தத் தாள்ல சுரம் எல்லாம் முக்கோணம், சதுரம், வட்டம்னு இருக்கே. அதைப் பத்தி?"

"படிக்காதவங்க எழுத்துன்னாரு."

"எழுதினா யாரோ படிக்கிறாங்கன்னு அர்த்தம். படிக்கத் தெரிஞ்சவங்களை விட்டுட்டு, தெரியாத ஒருத்தரைக் கேட்டிருக்கோம். வண்டியை எடு."

"எங்க?"

"மவுண்ட் நீபோ சர்ச். ஜூலை முதல் சனிக்கிழமை அங்க நாள் பூரா இந்த எழுத்தைப் பார்த்துப் பாட்டு. மதியம் சாப்பாடும் உண்டு."

"சாப்பாட்டை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு துக்கப்பட்டிருக்க மாட்டேன்."

கறுப்பர்களின் சர்ச்சான மவுண்ட் நீபோ பதினோரு மைல். வெள்ளையடித்த பலகைச் சுவர்கள், தகரக் கூரை. பியானோ கிடையாது, ஆர்கன் கிடையாது. பெஞ்சுகளை நான்கு பக்கமும் போட்டு நடுவில் ஒரு சதுரத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். கேட்க வந்தவர்கள் என்று அங்கே யாருமில்லை. வந்தவர்கள் எல்லாரும் பாடினார்கள். நாற்பது பேர்தான், ஆனால் கூரைத் தகரம் அதிர்ந்தது. பர்மிங்ஹாமில் பட்டு அங்கி போட்ட பாடகர் குழுவைப் பார்த்து வளர்ந்த ஒடெஸாவுக்கு, யாரோ தன்னை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவது போல் இருந்தது.

இடைவேளையில் ஹோசியா தாளைக் காட்டினார். அது கைமாறிக் கைமாறிப் போனது. கடைசியில் அது ரோட்டுப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆர்ஸுலா பியூவிடம் போய் நின்றது. எண்பத்து நான்கு வயது, ஊதா நிறத் தொப்பி, யாரையும் நம்பாத கண்கள்.

"ஆம்ஸி கையெழுத்து. எங்க பிடிச்சே?"

"கோர்ட்ல, அம்மா."

"எங்ககிட்ட இருந்ததையெல்லாம் அந்த வாரமே எரிச்சுட்டோம். இந்தத் தாள் வீட்டுல இருந்தா அடுத்தது உன் வீடுதான்னு ஷெரீஃப் வந்து சொல்லிட்டுப் போனான்." அவள் எழுந்தாள். "ஐம்பத்தேழு வருஷம் ஆச்சு. பாடிப் பார்ப்போம். பொண்ணே, சும்மா நிக்காதே, இப்படி என் பக்கத்துல உட்காரு. நீயும் பாடு."

"எனக்கு முக்கோணம் படிக்க வராதும்மா. கணக்குலயே ஃபெயில்."

"இதுல மேல் வரி உனக்குத் தெரியும். நாடே பாடுது."

தாளை ஒருவர் உரக்கப் படிக்க, ஒவ்வொரு பக்கமும் தன் வரியைக் குறித்துக்கொண்டது. அவர்கள் வழக்கப்படி முதலில் வார்த்தை இல்லை. வடிவத்தின் பெயரை மட்டும் பாடுவார்கள்: ஃபா, ஸோல், லா. கை மேலும் கீழும் போய்த் தாளம் போட, நாற்பது தொண்டைகள் திறந்தன. ஒடெஸா தனக்குத் தெரிந்த மெட்டை 'லா லா' என்று ஒப்பேற்றினாள். இரண்டாம் அடி முடிவில் அந்தப் பிரபலமான மௌனம் வந்தது. போரில் இறந்த வீரர்களுக்காக பேண்ட் மாஸ்டர் விட்ட நான்கு தாளம் என்று ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. முப்பது வயதிலும் பழக்கம் போகவில்லை. வாயை மூடி, கையை நெஞ்சில் வைத்தாள்.

எதிர்ப் பெஞ்சு வெடித்தது.

டெனர் எனப்படும் மூன்றாவது வரியின் பக்கம் ஆணும் பெண்ணுமாய்ப் பதினைந்து பேர், அந்த மௌனத்துக்குள்ளேயே தனியாக நுழைந்து ஏறினார்கள். நான்கு தாளமும் அவர்களுடையது. அதன் பிறகுதான் ஒடெஸாவின் பக்கம் மறுபடி சேர வேண்டும். அவள் சேரவில்லை. வாய் திறந்தபடி இருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றாள் ஆர்ஸுலா, பாட்டு முடிந்ததும்.

"அங்க மௌனம் இல்லையா?"

"நமக்கு மௌனம். நாம டிரெபிள், மேல் வரி. டெனர் பாடுறப்போ நாம காத்திருக்கணும். பாட்டு அவங்களோடது, நாம துணைக்குத்தான்."

ஹோசியா சதுரத்தின் நடுவுக்கே வந்துவிட்டார். "இருங்கம்மா. இந்த முறைப் பாட்டுல எப்பவுமே மெட்டு டெனர்லதானா? மேல் வரியில வராதா?"

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. குழம்பில் காரம் இருக்குமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

"எங்க தாத்தா காலத்துலருந்து டெனர்லதான். மேல போடுறது பியானோக்காரங்க வழக்கம்."

"அப்போ 1918-ல அச்சான பாட்டை நீங்க யாராவது உங்க முறைக்குக் காப்பி அடிச்சிருந்தா, அந்த மெட்டை எந்த வரியில எழுதுவீங்க?"

"டெனர்ல. கண்ணை மூடிக்கிட்டு டெனர்ல." சொல்லிவிட்டு ஆர்ஸுலா நிறுத்தினாள். அவள் மெதுவாகத்தான் யோசித்தாள், ஆனால் கடைசி வரை யோசித்தாள். "ஆம்ஸி தாள்ல அது டிரெபிள்ல இருக்கு. அவன் யாரையும் காப்பி அடிக்கலை."

"பேண்ட் மாஸ்டர் கேட்ட இடம்தான் தப்பு," என்றார் ஹோசியா. "பாடுற இடத்துக்கு வெளியில நின்னு, காதுக்கு உயரமாக் கேட்டதே மெட்டுன்னு நினைச்சுட்டாரு. பெரிய இசைக் கல்லூரியில படிச்சவர் இல்லையா?"

ஆர்ஸுலா பக்கத்து ஜன்னலைக் கண்ணால் காட்டினாள். "இதே பெஞ்சுதான். 1917. முகாம் வந்த வருஷம். காரை ரோட்டுல நிறுத்திட்டு, பித்தளைப் பொத்தான் போட்ட ஒரு வெள்ளைக்காரன் இதே ஜன்னல்ல சாய்ஞ்சுக்கிட்டு, சட்டைக் கைமடிப்புல பென்சிலால எழுதிக்கிட்டிருந்தான். தண்ணி வேணுமான்னு நான்தான் கேட்டேன். குடிச்சுட்டுப் போனான்."

"கோர்ட்ல ஏம்மா சொல்லலை?" என்று ஒடெஸா கேட்டேவிட்டாள்.

"யாரு கேட்டா? எங்களை உள்ள விடலை, கோர்ட் படிக்கட்டுலதான் நின்னோம். உள்ள போய்ச் சொல்லியிருந்தா இன்னிக்கு உன்கிட்ட சொல்ல இருந்திருக்க மாட்டேன்." கிழவி தாளத்துக்குக் கையை உயர்த்தினாள். "வார்த்தையோட பாடுங்க."

எழுந்து நில், என் தேசமே, எழுந்து நில். நாடு பாடும் அதே வார்த்தை. என் தேசமே, வீரன் போகிறான். அதுவும் அதே. பிறகு டிரெபிள் வாயை மூடியது. அந்த நான்கு தாளத்தில் டெனர் மட்டும் பாடியது: இவனும் உன் பிள்ளை.

ஆம்ஸியின் அண்ணன் காஸ், கியூபா போருக்குப் போய் உயிரோடு திரும்பியவன். ஹார்லோ ரயில் நிலையத்தில் வெள்ளைக்காரர்கள் சீருடையைக் கழற்று என்றார்கள். கழற்றவில்லை. அங்கேயே அடித்துக் கொன்றார்கள். சவப்பெட்டி தெரு வழியாகப் போனபோது வாசல் நாற்காலியில் இருந்த ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில் பாட ஆம்ஸி எழுதிய பாட்டு இது. ஆர்ஸுலா இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. இத்தனை வருஷம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும்தான் விழுங்கியிருக்கிறோம் என்று ஒடெஸா நினைத்தாள்.

அன்று அவள் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பள்ளி அரங்கத்தில் ஒத்திகை முடிந்து நடிகர்கள் எலுமிச்சைச் சாறு குடிக்க வெளியே போயிருந்தார்கள். மேடையில் அட்டை ஜன்னல் நின்றது. அதன் கொக்கியில் வைக்கோல் தொப்பி. ஓரத்தில் வெஸ்டர், கையில் விளக்குமாறு. முதல் வரிசையில் மிஸஸ் யான்ஸி, நீல உடை, மடியில் நாடகப் பிரதி, காதில் செருகிய சிவப்புப் பென்சில். ஊரில் பாதிப் பேருக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவள்.

"நேரத்துக்கு வந்துட்டீங்க, மிஸ்டர் டில்லரி."

ஹோசியா சுருக்கமாகச் சொன்னார். இந்தப் பாடகர்கள் மெட்டை டெனரில் எழுதுவார்கள். உங்கள் அப்பாவின் மெட்டை ஆம்ஸி காப்பி அடித்திருந்தால் அது டெனரில் இருக்கும். இங்கே துணை வரியில் இருக்கிறது. துணை வரிக்கு நடுவில் நான்கு தாளம் ஓய்வு. அந்த ஓய்வு எதற்கு என்று அச்சான பாட்டில் காரணம் இல்லை, இந்தத் தாளில் இருக்கிறது.

"அது இறந்த வீரர்களுக்காக அப்பா வெச்ச மௌனம்."

"மௌனம் இல்லை மேடம். பாடினவங்களை அவர் கேட்கலை."

அவள் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பியானோவில் உட்கார்ந்தாள். வடிவங்களை விட்டுவிட்டு, கோட்டில் சுரம் இருக்கும் உயரத்தை வைத்தே படித்துவிட்டாள். மேல் வரியை வாசித்தாள். பிறகு மூன்றாவது வரியை, தனியாக, மெதுவாக. இரண்டையும் சேர்த்து ஒரு தரம். நான்கு தாளம் வந்த இடத்தில் அவள் விரல் ஒரு கணம் தடுமாறியதை ஒடெஸா பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை.

"நல்ல பாட்டு," என்றாள் மிஸஸ் யான்ஸி, மூடியைச் சாத்திவிட்டு. "ஆனா இது வேற பாட்டு."

"அப்போ டோஸியர் திருடலை."

"திருடலை."

"எழுதிக் குடுங்க."

அவள் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினாள்: ஆம்ஸி டோஸியர் என் தந்தையின் பாட்டைத் திருடவில்லை. தேதி, கையெழுத்து. வெஸ்டரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். ஒடெஸாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"பாஸ், மலர்வளையத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்!"

"ஒண்ணு பாக்கி," என்றார் ஹோசியா. "இது உண்மைன்னா, 1919-ல உங்கப்பா பைபிள் மேல கை வெச்சுச் சொன்னது பொய். அதை நம்பித்தான் ஒருத்தரைச் சுரங்கத்துக்கு அனுப்பினாங்க."

"அப்பா தப்பா நினைச்சிருக்காரு. அதுக்கு நான் வருத்தப்படுறேன். அவரும் இல்லை, இவங்கப்பாவும் இல்லை."

"சரி, பாட்டு யாரோடது? சாயங்காலம் அதையாவது சொல்வீங்களா?" என்றாள் ஒடெஸா.

மிஸஸ் யான்ஸி அவளைப் பொறுமையாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கு விரல் வைக்கும் இடம் காட்டும் பொறுமை. "நீங்கதானேம்மா நிரூபிச்சீங்க? டோஸியரோட பாட்டு டெனர்ல இருக்கு. நாடு பாடுறது அது இல்லையே. அதை மெட்டாக்கி, பேண்டுக்கு எழுதி, நாட்டுக்குக் குடுத்தது எங்கப்பா. டோஸியர் பாட்டை யாரும் எடுக்கலை. அது இந்தத் தாள்லயே பத்திரமா இருக்கு. யாரும் பாடாத பாட்டுக்கு எதுக்கு மேடையில பேர் சொல்லணும்?"

காலையில் இருந்து ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கியது ஹோசியாதான். அவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மிஸஸ் யான்ஸி பிரதியைப் புரட்டி, காட்சியின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தாள். பின்னால் போய், ஆம்ஸியின் பெயர் வரும் இன்னும் மூன்று இடத்தையும் தேடி அடித்தாள். வேலையில் கவனமானவள். "வெஸ்டர், அந்த ஜன்னலைக் கழட்டிடு. நீ கேட்டது நடந்துடுச்சு. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம், மேடம்," என்றார் வெஸ்டர். அறுபது வருஷமாக வாயில் இருக்கும் பதில், அதுவாகவே வந்தது.

அவள் எலுமிச்சைச் சாறு குடிக்கப் போய்விட்டாள். வெஸ்டர் அந்தச் சீட்டை இன்னொரு தரம் படித்தார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

"அண்ணே, வழக்கைத் திருப்பிப் போடலாம்," என்றார் ஹோசியா பின்னாலேயே போய். "இந்தக் கையெழுத்து போதும். தீர்ப்பை மாத்தலாம்."

"மாத்துங்க." வெஸ்டர் ஒரு ஆணியைப் பிடுங்கினார். "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிம்மா. அட்டைதான், ஆனா சாயும்."

ஒடெஸா பிடித்தாள். ஏதாவது சொல்லி அந்த மனிதரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தேடினாள். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. வெஸ்டர் அடுத்த ஆணியையும் பிடுங்கி, வளையாமல் இருந்ததால் தனியாக எடுத்து வைத்தார்.

"உங்க மேல குறை சொல்லலை," என்றார் அவர், வேலையில் இருந்து கண் எடுக்காமல். "நான் கேட்டதைத்தான் செஞ்சு குடுத்தீங்க. ஆனா நேத்து வரைக்கும் இந்த ஊர்ல ஆம்ஸி டோஸியர் யாருன்னு கேட்டா, திருடன்னாவது நாலு பேரு சொல்லுவாங்க. இனிமே யாருன்னே யாருக்கும் தெரியாது. நானே ஆள் வெச்சு எங்கப்பாவை அழிச்சுட்டேன்."